கருப்பனுக்கு வாங்கிய வாய்க்கூடு

எங்கள் கருப்பன் சிப்பிப்பாறை இன நாய், 4 வயசு. மனுஷங்ககிட்ட பசு, தெருமுனையில் இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் சங்கிலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாய்வான். கடிக்காமல் இருக்க முதலில் வாங்கிய துணி வாய்மூடி தண்டம். நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்க முடியாது, மதுரை வெயிலுக்கு அது ஆபத்து. இந்த ரப்பர் கூடு, மாட்டுக்குப் போடுகிற வாய்க்கூடு மாதிரி. இளைக்கிறான், தண்ணீர் குடிக்கிறான், இடுக்கு வழியாகக் கோழி ஈரலும் போகிறது. நீள மூஞ்சி என்பதால் அளவுதான் பெரும்பாடு. ஒருமுறை மாற்றி வாங்கினேன். வார் உரசிக் காதடியில் முடி கொட்டியது, பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கிறேன். கோபத்தை இது குறைக்காது, கடியைத்தான் தடுக்கும். கோபத்துக்குத் தனி வைத்தியம்: அவன் உறுமாத தூரத்தில் நின்று, மற்ற நாயைப் பார்த்ததும் ஈரல். 30 அடியில் தொடங்கினோம், இப்போது 15.