காம்பவுண்ட் வில் பராமரிப்புப் பை: உள்ளே இருப்பவையும் விடுபட்டவையும்

காம்பவுண்ட் வில் (முனைகளில் சக்கரங்கள் பூட்டிய நவீன வில்) வைத்திருப்பவர்களுக்காகக் கையடக்கப் பையில் வைத்து விற்கப்படும் பராமரிப்புத் தொகுப்புகளைப் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே உள்ளடக்கத்தோடு வெளியிடுகின்றன. நான் பயன்படுத்திவரும் பையில் நாணுக்கான மெழுகுக் குச்சி, மடக்கு ஆலன் கீ செட் (அறுகோணக் குழித் திருகுகளுக்கான சாவிகள்), சிறு குப்பி எண்ணெய், செர்விங் நூல் சுருள் (நாண் தேயாமலிருக்க அதன் மேல் சுற்றும் நூல்), டி-லூப் கயிறு (நாணை இழுப்பதற்காக அதில் கட்டும் சிறு வளையத்துக்கானது), மைக்ரோஃபைபர் துணி ஆகியவை இருக்கின்றன. மெழுகும் ஆலன் கீயும் தரமானவை. அவை இரண்டுக்காகவே இதை வாங்கலாம். எண்ணெய்க் குப்பி பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் அளவெடுக்க எதுவுமே வைக்காமல் இதை முழுமையான பராமரிப்புத் தொகுப்பு என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பையை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பதற்கு விடை வில்லின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹோலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்ற இந்த வடிவமைப்பில், லிம்புகளின் (வில்லின் வளையும் கைகளின்) விசை, அவற்றின் முனைகளிலுள்ள கேம்கள் என்ற சக்கரங்கள் வழியாகக் கேபிள்களுக்கும் நாணுக்கும் கடத்தப்படுகிறது. சக்கரங்கள் இல்லாத ரிகர்வ் வில்லில் பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றி வைத்துவிடலாம்; காம்பவுண்டில் அது முடியாது. உறைக்குள் சும்மா கிடக்கும்போதும் அதன் நாணும் கேபிள்களும் இழுவிசையைத் தாங்கியபடியே இருக்கின்றன. ஆரம்பகால காம்பவுண்ட் விற்களில் எஃகுக் கேபிள்கள் இருந்தன. இன்று நாண், கேபிள் இரண்டுமே செயற்கை இழைகளால் ஆனவை என்பதால், இழையைக் கவனிப்பதே பராமரிப்பின் பெரும்பகுதியாகிவிட்டது.

ஆகவே மெழுகிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய நாண்களில் டைனீமா வகை இழையும், அதோடு வெக்ட்ரான் கலந்த 452எக்ஸ் போன்ற இழைகளும் பரவலாக உள்ளன. டைனீமா வழுக்கும் தன்மையுடையது, உராய்வைத் தாங்கக்கூடியது, ஆனால் தொடர்ந்த இழுவிசையில் மெல்ல நீளும். வெக்ட்ரான் நீளாது, ஆனால் உராய்வுக்கும் வெயிலுக்கும் எளிதில் நலியும். ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட இந்த இழைகள் ஒவ்வொரு எய்தலிலும் தம்முள் உரசிக்கொள்கின்றன. அந்த உரசலைக் குறைப்பதும், இழைகளை ஒரே கட்டாகப் பிடித்து வைப்பதும், ஈரத்தையும் மணல் துகளையும் உள்ளே விடாமல் தடுப்பதும் மெழுகின் வேலை. இந்தப் பையிலுள்ள குச்சி சிலிக்கோன் கலந்த மென்மையான வகை. வெறும் தேன்மெழுகுக் குச்சிகள் குளிரில் இறுகி, நாணின் மேல் பொருக்குப் பொருக்காக உதிர்வதுண்டு. இது அப்படி உதிராமல், லேசாகத் தேய்த்தாலே மெல்லிய படலமாகப் படிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் நாணைப் பிடித்து, விரலில் சூடு தெரியும் வரை மேலும் கீழும் நீவினால் அது முறுக்குகளுக்குள் இறங்கிவிடுகிறது, பிசுபிசுப்பும் தங்குவதில்லை.

மெழுகிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றைப் பையோடு வரும் குறிப்புத்தாள் சொல்லவே இல்லை. பழைய மெழுகு தூசியோடு சேர்ந்து கருத்துப்போயிருக்கும். அதன் மேலேயே புதிய மெழுகைப் பூசினால் அந்தத் தூசியைத்தான் இழைகளுக்குள் அழுத்துகிறோம். செர்விங் நூலில் ஒரு துண்டை நாணைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு நாண் நெடுகிலும் இழுத்தால் கரிய பசை திரளாக வழிந்து வெளியே வரும். பிறகு துணியால் துடைத்துவிட்டு மெழுகிடலாம். எப்போது மெழுகிட வேண்டும் என்று நாள் கணக்குப் பார்ப்பதைவிட நாணையே பார்ப்பது மேல்: தொட்டால் வறண்டிருந்தாலோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மெல்லிய மயிரிழைகள் சிலிர்த்து நின்றாலோ நேரம் வந்துவிட்டது என்று பொருள். நாண் முழுவதும் தாராளமாகப் பூசுங்கள் என்று குறிப்புத்தாள் சொல்வது தவறான அறிவுரை. செர்விங் சுற்றிய பகுதிகளில் பூசினால் அடியில் இறங்கும் மெழுகு அந்தச் சுற்றுகளை நழுவச் செய்யும். கேம் பள்ளங்களுக்கு அருகில் மிகையாகப் பூசினால் அங்கே அழுக்குச் சேரும்.

ஆலன் கீ செட் அங்குல அளவுகளில் இருப்பதை முதலிலேயே பாராட்ட வேண்டும். அமெரிக்கத் தயாரிப்பு விற்கள் பலவற்றில் திருகுகள் அங்குல அளவிலேயே உள்ளன. 3/16 அங்குலம் என்பது 4.76 மில்லிமீட்டர், அந்தக் குழியில் 5 மில்லிமீட்டர் சாவி நுழையாது, 4.5 மில்லிமீட்டர் சாவி நுழைந்து ஆடும். ஆடுகிற சாவியால் லிம்ப் போல்ட்டை (லிம்பை வில்லின் நடுச்சட்டத்தோடு பிணைக்கும் திருகை) திருகினால் குழியின் ஆறு முனைகளும் மழுங்கிவிடும், பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. இந்தச் செட்டின் சாவிகள் இறுக்கமாகப் பொருந்துகின்றன. லிம்ப் போல்ட்டைத் தளர்த்தும்போது மேலும் கீழும் ஒரே அளவு சுற்றுகள் திருப்ப வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் சொல்லியிருக்கும் எல்லையை எக்காரணம் கொண்டும் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் சைட் (குறி பார்க்கும் கருவி), ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் பகுதி) ஆகியவற்றின் திருகுகளைத் தொட்டுப் பார்ப்பதற்கும் இந்தச் செட் போதும்.

எண்ணெயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இன்றைய கேம்கள் பலவற்றில் மூடிய பேரிங்குகள் உள்ளன; அவற்றுக்கு வெளியிலிருந்து எண்ணெய் தேவையில்லை. அச்சில் விட்ட எண்ணெய் வழிந்து நாணின் கண்ணியில் ஊறினால் வேறு தொல்லை வரும். கையேடு கேட்டால் மட்டும் ஒரு சொட்டு விடுங்கள்.

செர்விங் நூலின் விட்டம் எங்கும் குறிப்பிடப்படவில்லை என்பதைக் குறையாகவே பதிவு செய்கிறேன். நடுச் செர்விங்கின் தடிமன்தான் அம்பின் நாக் (நாணில் மாட்டும் பின்முனைப் பிளவு) எப்படிப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கிறது: மாட்டும்போது மெல்லிய சொடுக்கொலி கேட்க வேண்டும், அம்பைத் தொங்கவிட்டால் தன் எடையால் விழக் கூடாது, நாணை விரலால் லேசாகத் தட்டினால் கழன்றுவிட வேண்டும். விட்டம் தெரியாத நூலைக் கொண்டு இதைச் சரியாக அமைப்பது குருட்டு வேலை. நல்வாய்ப்பாக, முன்பு சொன்ன துடைக்கும் வேலைக்கு அது உதவுகிறது.

துணி சாதாரணமானதுதான், எனினும் தவறாமல் பயன்படுத்துகிறேன். லிம்புகளை அதனால் நீவும்போது எங்காவது நூல் சிக்கினால் அங்கே பிசிர் கிளம்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஃபைபர் கிளாஸ் சிராய் தோலில் ஏறிவிடும் என்பதால் வெறும் விரலால் தடவ வேண்டாம். அச்சுக்கு அருகிலுள்ள லிம்ப் முனைகளைக் கூடுதலாகக் கவனியுங்கள். அம்பு இல்லாமல் நாண் விடுபட்டுவிட்டால், பார்வைக்கு எதுவும் தெரியாவிட்டாலும், தேர்ந்தவர் ஒருவர் கேமையும் லிம்பையும் சோதிக்கும் வரை அந்த வில்லை இழுக்கவே கூடாது.

இனி, பையில் இல்லாதவை. ஓர் அளவு நாடாவும் வெள்ளி நிற மார்க்கர் பேனாவும் வைத்திருந்தால் இதன் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும். புதிய நாண் படிந்து நிலைகொண்ட பிறகு, மேல் அச்சிலிருந்து கீழ் அச்சு வரையிலான நீளத்தையும், பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரையிலான பிரேஸ் உயரத்தையும் அளந்து குறித்து வைக்க வேண்டும். கேபிள் கேமைக் கடக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு வைக்க வேண்டும். பின்னாளில் இந்த அளவுகள் மாறியிருந்தாலோ, கோடு விலகியிருந்தாலோ, முழுதாக இழுக்கும்போது பீப் (குறி பார்க்க நாணில் பொருத்திய சிறு துளை வளையம்) கண்ணுக்கு நேரே திரும்பாவிட்டாலோ, நாணோ கேபிளோ நீண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மூடிய காருக்குள் வெயிலில் வில்லை விட்டுச் சென்றால் இந்த நீட்சி விரைவாகும். குறி தவறுவதற்குக் கையைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முதலில் நாடாவை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிறிய வில் அழுத்தி (லிம்புகளை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) எதையும் இந்தப் பையில் சேர்க்காமல் விட்டது நல்ல முடிவு. நாணின் முறுக்கை மாற்றுவதற்கும் கேம் ஒத்திசைவைச் சரிசெய்வதற்கும் அந்தந்த வில்லுக்கு ஏற்ற, உறுதியாகப் பொருத்தப்பட்ட அழுத்தி வேண்டும்; பயிற்சி இல்லாதவர்கள் அந்த வேலையைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடலாம். ஏற்கெனவே அங்குல ஆலன் கீ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பை தேவையில்லை, மெழுகுக் குச்சியைத் தனியாக வாங்கினால் போதும். புதிதாக வில் வாங்கியவர்கள் இதை வாங்கலாம். அளவு நாடாவையும் மார்க்கரையும் அன்றே தனியாக வாங்கி இதனுள் போட்டுக்கொள்ளுங்கள்.