காங்கேசன்துறையும் திருகோணமலையும்: தனித்தனியாகவா, சேர்ந்தா?

இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள மாங்குளம் சந்தியில் நின்றால், வன்னி நெல்லை ஏற்றிய லொறிகள் தார்ப்பாய் படபடக்க ஏ9 வீதியில் தெற்கே போவதைக் காணலாம். துறைமுகங்களோ வடக்கே காங்கேசன்துறையிலும் தென்கிழக்கே திருகோணமலையிலும் இருக்கின்றன. இவ்விரண்டும் தனித்தனியே இயங்குவதா, சேர்ந்து இயங்குவதா என்பதே கேள்வி. இரண்டும் தனித்தனியே கப்பல்களை அழைத்தால், ஆழங்குறைந்த காங்கேசன்துறைக்குப் பெரிய கப்பல் வராது; இயற்கையிலேயே ஆழமான திருகோணமலைக்குத் தன் சுற்றுப்புறச் சரக்கு மட்டும் போதாமற்போகலாம்.

சேர்ந்து இயங்கினால், பெரிய கப்பல் திருகோணமலையில் இறக்கும் சரக்கைச் சிறு கலங்கள் வடக்கே கொண்டுசெல்லவும், கட்டணம் குறித்துக் கப்பல் நிறுவனங்களுடன் ஒரே குரலில் பேசவும் முடியும். அமெரிக்காவின் சியாட்டில், டக்கோமா துறைமுகங்கள் நெடுங்காலம் போட்டியிட்ட பின்னர், 2015இல் சரக்குப் பணிகளை ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்தன. வருமானத்தைப் பங்கிடுவதில் பிணக்கு எழக்கூடும். ஆயினும் சேர்ந்தியங்குவதையே நான் உறுதியாக ஆதரிக்கிறேன்.