செக்ரோலுக்கு எந்தப் பிரதி? மேலோட்டம், ஆழம், கைவேலை

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் செக்ரோலை, அதாவது தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவேட்டை, கணினியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ‘நாட்பதிவு’ என்ற வகுப்பின் (கிளாஸ்) ஒவ்வொரு பொருளுக்குள்ளும் (ஆப்ஜெக்ட்) திகதி, மலை நம்பர் (கொழுந்து பறித்த பகுதியின் எண்), கொழுந்து நிறைப் பட்டியல், பெரட்டுக்கு (காலை ஆளெடுப்புக்கு) வந்த தொழிலாளர்கள் என நான்கு புலங்கள். கணக்கப்பிள்ளை திருத்துவதற்கு ஒரு பிரதி வேண்டும். மூலம் அப்படியே இருக்கவேண்டும். ஜாவாவிலும் பைத்தானிலும் சமக்குறி போட்டால் பிரதி கிடைக்காது. ஒரே பொருளுக்கு இரண்டாவது பெயர்தான் கிடைக்கும்.

மேலோட்டப் பிரதி, அதாவது புலங்களில் இருப்பதை மட்டும் அப்படியே நகலெடுப்பது, வேகமானது. ஜாவாவின் குளோன், பைத்தானின் காப்பி, சி ஷார்ப்பின் மெம்பர்வைஸ்குளோன் எல்லாம் இந்த ரகம். மலை நம்பர் போன்ற எண்களுக்கு இது போதும். பட்டியலிலோ அதன் நினைவக முகவரி மட்டுமே பிரதியாகிறது. பிரதியில் 18 கிலோவை 16 ஆக்கினால் மூலமும் 16 ஆகிவிடும். பிறகு எதைக் காட்டி வழக்குப் பேசுவது?

அப்படியானால் உள்ளே சுட்டப்படும் பொருள்களையும் புதிதாக எடுக்கும் ஆழப் பிரதி என்று பலர் தாவுகிறார்கள். பைத்தானின் டீப்காப்பி, பிரதியெடுத்தவற்றை நினைவில் வைத்திருப்பதால், ஒன்றையொன்று சுட்டும் பொருள்களிலும் முடிவில்லாமல் சுழலாது. கெட்டிக்கார வேலைதான். ஆனால் அது தொழிலாளரையும் பிரதியெடுத்துவிடுகிறது! ஒரே ஆளுக்கு இரண்டு பொருள்கள். ஒன்றில் வங்கிக் கணக்கை மாற்றினால் மற்றதற்குத் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பொருளை ஜேசன் என்ற உரை வடிவமாக்கி மீட்பவர்களுக்குத் திகதி வெறும் எழுத்துச்சரமாகத் திரும்பும். ஸ்ட்ரக்சர்ட்குளோன் திகதியைக் காப்பாற்றும், ஆனால் வகுப்பின் செயல்கூறுகளை (மெதட்) விட்டுவிடும்.

என் வாக்கு கையால் எழுதும் காப்பி கன்ஸ்ட்ரக்டருக்கே, அதாவது பழைய பொருளைப் பார்த்துப் புதியதை உருவாக்கும் பகுதிக்கே. நிறைப் பட்டியல் பதிவின் சொந்தச் சொத்து, அதைப் புதிதாக எடு. தொழிலாளர் பதிவுக்குச் சொந்தமில்லை, அவர்களைச் சுட்டினால் போதும். இந்தப் பாகுபாடு எந்த நூலகச் செயல்கூறுக்கும் தானாகத் தெரியாது. ஜாவாவில் குளோனை நம்புவது எனக்குப் பிடிப்பதே இல்லை. பிரதியெடுக்கலாம் என்று ஒரு வகுப்பு அறிவிக்கும் குளோனபிள் இடைமுகத்தில் (இன்டர்ஃபேஸ்) ஒரு செயல்கூறுகூடக் கிடையாது. ஆனால் அதை அறிவிக்காத வகுப்பில் ஆப்ஜெக்ட் வகுப்பின் குளோனை அழைத்தால் விதிவிலக்கு (எக்செப்ஷன் என்ற பிழை) வீசப்படும். அந்தக் குளோன் பிரதியெடுக்கும்போது கன்ஸ்ட்ரக்டரும் ஓடாது. சி பிளஸ் பிளஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். கம்பைலர் தரும் இயல்புப் பிரதி சுட்டியை (நினைவக முகவரியை) மட்டும் நகலெடுப்பதால், பொருள் அழியும்போது ஓடும் அழிப்பானில் நினைவகத்தை விடுவிக்கும் வகுப்பென்றால் ஒரே இடம் இருமுறை விடுவிக்கப்படும்.

கைவேலைக்கும் விலை உண்டு. நாளை கைக்காசுக் கொழுந்துக்கென (ரொக்கக் கூலிக்குப் பறிப்பது) ஒரு பட்டியலைச் சேர்ப்பவர் பிரதியெடுக்கும் வரியை மறந்தால், பிரதியில் அது காலியாகவே வரும். ஜாவாவில் அந்தப் புலத்தைத் தொடக்க மதிப்பின்றி ஃபைனல் (ஒருமுறை மட்டும் மதிப்பிடப்படுவது) என்று அறிவித்திருந்தால், கம்பைலரே மறதியைப் பிடித்துக்கொள்ளும்.