வெளிநாட்டில் வாடகைக் கார்: மூன்று பயணம், ஒரு சிராய்ப்பு

2018இல் மலேசியா, 2019இல் நியூசிலாந்து, 2023இல் ஓமான். மூன்று தடவை வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்து ஓட்டியிருக்கிறேன். அதனால் கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது டூர் பேச்சை எடுத்தால் கடைசியில் என்னிடம்தான் வருகிறார்கள். முதல் கேள்வி எப்போதும் "அந்த ஊர் ரோட்டில் ஓட்டிட முடியுமா?" என்பதுதான். ஓட்டிவிடலாம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை. நான் மாட்டிக்கொண்டதெல்லாம் கவுன்டரில்தான்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஏர்போர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். வாடகைப் பணத்தை ஊரிலிருந்தே கட்டியாகிவிட்டது. டெபாசிட்டுக்குக் கையில் ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டை), அதில் வேண்டிய அளவு டாலர். கவுன்டரில் இருந்த பெண் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ப்ரீபெய்டு கார்டு ஆகாது, கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்றார். என் கிரெடிட் கார்டை வீட்டு பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தேன். மனைவியின் கார்டை நீட்டினேன். "கார்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதன்மை ஓட்டுநர்" என்றார். என் மனைவி கைப்பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். "ஏங்க, நீங்க கூடுதல் ஓட்டுநரா கையெழுத்துப் போடுங்க" என்றாள். கூடுதல் ஓட்டுநருக்குத் தனிக் கட்டணம் வேறு. பன்னிரண்டு நாளும் காகிதப்படி அவள் வண்டி, நான் டிரைவர்.

கிரெடிட் கார்டு இருந்தால் மட்டும் போதாது, அதில் லிமிட்டும் இருக்க வேண்டும். டெபாசிட் தொகையை அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, பிடித்து வைக்கிறார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஊர் வந்து சேர்ந்த பிறகும் எங்களுக்கு அது விடுபட இரண்டு வாரம் ஆனது. அதே கார்டில் ஓட்டல் செலவையும் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டால் பாதி வழியில் கார்டு கைவிட்டுவிடும்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். வாடகையோடு சேர்ந்து வருகிற காப்பீட்டில், இவ்வளவு தொகை வரை சேதம் நம் தலையில், அதற்கு மேல் கம்பெனி என்று ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டைக் கீழே இறக்கத் தினமும் தனிப் பணம் கேட்பார்கள். மலேசியாவில் அதைக் கட்டாமல் மிச்சம் பிடித்தேன். வண்டியைத் திருப்பித் தரும்போது முன் இடது சக்கரத்தின் அலாய் விளிம்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சிராய்ப்பு. பிளாட்பாரத்தில் நான் உரசினேனா, முன்பே இருந்ததா, இன்றுவரை தெரியாது. எடுக்கும்போது படம் எடுத்து வைக்கவில்லை, அதனால் வாயைத் திறக்க முடியவில்லை. டெபாசிட்டில் 300 ரிங்கிட் போனது. அதோடு, கூடுதல் பணம் கட்டினாலும் டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவற்றைப் பல ஒப்பந்தங்கள் சேர்ப்பதில்லை. சில ரோடுகளே விலக்கு. நியூசிலாந்தில் குயின்ஸ்டவுன் பக்கத்திலுள்ள ஸ்கிப்பர்ஸ் ரோட்டில் வாடகைக் காரை இறக்கினால் அங்கே இன்ஷூரன்ஸ் செல்லாது. சின்ன எழுத்தைப் படிக்க ஐந்து நிமிடம் நிற்கலாம், பின்னால் வரிசையில் இருப்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

வெளிநாட்டில் ஓட்ட நம் லைசென்ஸோடு காட்டும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான் தருகிறார்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், அதிகபட்சம் ஒரு வருஷம் செல்லும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல். நியூசிலாந்துக்கு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும் நம் லைசென்ஸே போதுமாக இருந்தது.

ஓட்டுவதில் நான் திணறியது வேகத்தில் அல்ல, பொறுமையில். நம் ஐந்து ரோடு ரவுண்டானாவில் மூக்கை முதலில் நுழைத்தவருக்கே வழி. நியூசிலாந்து ரவுண்டானாவில் வலப்பக்கம் வருகிறவருக்கு விட்டுத்தான் ஆக வேண்டும். தெற்குத் தீவில் ஒருவழிப் பாலங்கள் நிறைய. பலகையில் நம் பக்கத்து அம்பு சிவப்பாகச் சின்னதாக இருந்தால் நாம் நிற்க வேண்டும், எதிரில் வருபவர் போவார். முதல் பாலத்தில் ஆள் அரவம் இல்லாதபோதும் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்தேன். ஓரத்தில் மேய்ந்த ஆடு மட்டும் திரும்பிப் பார்த்தது.

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய ரோடு வளைவுக்கு மேல் வளைவு. இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியரை 'எல்' (லோ) நிலைக்குத் தள்ளி எஞ்சினையே பிடிக்க வைத்தேன். தொப்பூரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளின் பிரேக் சூடாகி என்ன ஆகிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாங்கள் போனபோது மலேசியச் சுங்கச்சாவடிகளில் முன்கூட்டியே காசு ஏற்றி வைக்கும் டச் அண்ட் கோ அட்டைதான், 'பிளஸ்' என்ற நெடுஞ்சாலையில் ரொக்கத்துக்கு வேலையில்லை. வண்டியை எடுத்ததும் அட்டை இருக்கிறதா, அதில் காசு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஓமான் வலப்பக்க ரோடு. ஸ்டீயரிங் இடப்பக்கம், இண்டிகேட்டர் தண்டும் இடப்பக்கம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வலது கையால் தட்ட, மழையே பார்க்காத பாலைவனத்தில் வைப்பர் 'சரக் சரக்' என்று காய்ந்த கண்ணாடியைத் தேய்த்தது. கூட வந்த மச்சான், "மாமா, தூறல் விழுதா?" என்று கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோனான். 120ஐத் தாண்டினால் கார் 'டிங் டிங்' என்று கத்தும். நிஸ்வா ஊருக்குப் பக்கத்தில் ஜெபல் அக்தர் மலை அடிவாரத்தில் போலீஸ் செக்போஸ்ட், ஃபோர் வீல் டிரைவ் இருந்தால்தான் மேலே விடுவார்கள். நாங்கள் எடுத்திருந்தது மலிவான செடான். திரும்பி வந்து நிஸ்வா கோட்டையைப் பார்த்தோம். எங்கே போகப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் வாடகையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

ஆனால் மலேசியப் பாடத்தை ஓமானில் மறக்கவில்லை. எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வந்து வீடியோ. நான்கு சக்கரம், கண்ணாடி, கூரை, கிலோமீட்டர் முள், பெட்ரோல் முள், கடைசியாகப் பார்க்கிங் தூணின் நம்பர். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே சுற்று. ஊர் வந்த பிறகு பின் பம்பரில் கீறல் என்று மெயில் வந்தது. இரண்டு வீடியோவையும் அனுப்பினேன். மறுநாளே, கட்டணம் எதுவும் இல்லை என்று ஒரு வரி பதில்.

அடுத்த வருஷம் மறுபடி மலேசியா. இந்தத் தடவை இரண்டு பேருக்கும் அனுமதி எடுக்கிறோம். என் கிரெடிட் கார்டு பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. முதன்மை ஓட்டுநர் யார் என்பதுதான் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.