சிண்ட்ரெல்லாவின் இரண்டாம் ஆல்பம்: மினுக்குக்குள் ஒரு ப்ளூஸ்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ராக் இசைக்குழுவான சிண்ட்ரெல்லா 1988இல் வெளியிட்ட இரண்டாம் ஆல்பமான ‘லாங் கோல்ட் வின்டர்’ ஒலிநாடாவைப் பாளையங்கோட்டையில் ஒரு பழைய பொருள் கடையில் வாங்கினேன். சிலுப்பிவிட்ட முடியும் மினுங்கும் உடையுமாக 1986இல் முதல் ஆல்பத்தைத் தந்த இவர்கள், இதில் கறுப்பின அமெரிக்கர்களின் சோகம் தோய்ந்த இசையான ப்ளூஸின் பக்கம் துணிந்து சாய்ந்திருக்கிறார்கள். முதல் பாட்டின் வாசலிலேயே ஸ்லைடு கிட்டார் கம்பிமேல் வழுக்கி முனகுகிறது. பாடகர் டாம் கீஃபரின் கரகரத்த குரல் உச்சியில் கிழிந்துவிடும் என்று நாம் பதறும்போதும் சுருதி விலகுவதில்லை. அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 12ஆம் இடம் பிடித்த பியானோப் பாட்டு எனக்குச் சற்றே இழுவை. ‘ஜிப்ஸி ரோடு’தான் நெஞ்சில் நின்றது.

இரண்டாம் பக்கத்தைத் தொடங்கும் தலைப்புப் பாடல், நிதானமான ப்ளூஸ், நாடா தேய்ந்ததால் அலைபாய்ந்தது. கடைக்காரரிடம் முறையிட்டேன். “பழசுன்னு சொல்லித்தான அண்ணாச்சி குடுத்தேன்” என்றார்.