18-லிருந்து 17-க்கு இறங்கி மூன்று வருடம்: தினமும் ஓடும் ஆஃப்ரோடு வண்டிக்கு எந்த டயர் அளவு?

வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய்வரவும், மாதத்தில் இரண்டு முறை ஓடைப் படுகை, மலைப்பாதை, சேறு என்று சுற்றவும் என்னிடம் இருப்பது ஒரே வண்டி. கம்பெனியிலிருந்து வந்தது 265/60 ஆர்18 (கடைசி எண் ரிம்மின் விட்டம், இன்ச்சில்). இப்போது ஓடுவது 265/70 ஆர்17. நடுவில் பொருந்தாத ஒரு செட்டை வாங்கி 21,000 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். இப்போதுள்ள செட் 31,000 கி.மீ. தாண்டிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் எது உதவியது, எது உதவவில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரியும்.

மாற்ற வைத்தது ஒரு கல். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. வறண்ட ஓடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது முன் இடது சக்கரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ரிம்மின் உதடு உள்ளே மடங்கியிருந்தது. அதற்கு நேராக டயரின் பக்கச்சுவரில் விரல் நீளத்துக்கு வெட்டு. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ரப்பர் நசுங்கியிருக்கிறது. 265/60 என்றால் அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் அதில் 60 சதவீதம், அதாவது 159 மி.மீ. காற்றைக் குறைத்தால் அந்தச் சுவர் இன்னும் தாழும். அதனால் அந்த டயரில் 26 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்க எனக்குத் துணிவே வந்ததில்லை.

ஆஃப்ரோடுக்கு டயர் மாற்றுகிறேன் என்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்த உயரத்தை. நான் பக்கச்சுவரைப் பார்க்கச் சொல்வேன். 265/70 ஆர்17-இல் சுவர் 185 மி.மீ. சொச்சம். மொத்த விட்டம் 775-லிருந்து 803 மி.மீ. ஆகிறது. தரை இடைவெளி கூடுவது இதில் பாதி, 14 மி.மீ.தான். ஆனால் கூடுதலாகக் கிடைத்த 26 மி.மீ. சுவர்தான் எல்லாவற்றையும் மாற்றியது. இப்போது பாறையில் 20 பிஎஸ்ஐ, மணலில் 16 பிஎஸ்ஐ வரை இறக்குகிறேன். முதல் முறை இறக்கிவிட்டு, நண்பரை ஓட்டச் சொல்லி நான் கீழே நின்று பார்த்தேன். கூரான கல்லின் மேல் ஏறும்போது டயர் அந்தக் கல்லைச் சுற்றி மடிந்து, உள்வாங்கி, அப்புறம் மெல்ல விட்டது. பழைய டயர் அதே கல்லில் துள்ளியிருக்கும். காற்று குறையும்போது தரையில் படியும் பகுதி அகலமாவதைவிட நீளமாவதுதான் அதிகம். பிடிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு இன்ச் இறங்கலாம் என்று முடிவெடுப்பதற்கு முன்னால் பிரேக் கேலிப்பர் (ரிம்முக்குள் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்குமா என்று பாருங்கள். என் வண்டியில் 17 தாராளமாக நுழைந்தது, 16 நுழையவில்லை. டயர் மாட்டும் இடத்தில் வெறும் ரிம்மை மட்டும் ஹப்பில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் போதும், இரண்டு நிமிட வேலை.

ஆஃப்செட் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட்; ‘ஈடி’ என்று எழுதுவார்கள், ஈடி குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். பழைய ரிம் 7.5 இன்ச் அகலம், ஈடி 30. புதியது 8 இன்ச், ஈடி 25. கணக்குப் போட்டால் சக்கரத்தின் வெளி ஓரம் 11 மி.மீ. வெளியேயும், உள் ஓரம் 1 மி.மீ. உள்ளேயும் நகர்கிறது. ஈடி 0 போட்டால் வண்டி அகலமாக நிற்கும், பார்க்க நன்றாக இருக்கும் என்றார்கள். பார்க்க நன்றாக இருக்கும், உண்மைதான். ஆனால் சக்கரம் வெளியே போகப் போக ஹப் பேரிங்கில் சுமை ஏறும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை இழுக்கும், திருப்பும்போது டயர் பெரிய வட்டம் போட்டு மட்கார்டில் உரசும். தினமும் ஓட்டும் வண்டியில் இதெல்லாம் வேண்டாம்.

உரசல் எனக்கும் இருந்தது. ஸ்டீயரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் ‘சர்ர்’ என்று கேட்கும். எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டயரின் தோளில் சுற்றிலும் சாக்பீஸ் தடவி, ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஒடித்து முன்னும் பின்னும் நகர்த்தினேன். மட்கார்டு லைனரின் கீழ்ப்பகுதியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் தடம். அந்த இடத்தை ஹீட் கன்னில் சூடாக்கி உள்ளே அழுத்திவிட்டேன். எதையும் வெட்டவில்லை, அதன் பிறகு சத்தமும் இல்லை.

இனி அந்தப் பொருந்தாத செட். அளவு இதே அளவுதான், ஆனால் எல்டி (லைட் டிரக்) வகை, லோடு ரேஞ்ச் (டயர் உறுதியின் தரம்) இ, லோடு இன்டெக்ஸ் (சுமை தாங்கும் அளவின் குறியீடு) 121. ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். உறுதிதானே நல்லது என்று வாங்கினேன். கழற்றும்போது எடை போட்டேன்: பழைய 18 இன்ச் சக்கரம் ரிம்மோடு 27.5 கிலோ, இது 34 கிலோ. நாலு சக்கரத்தில் 26 கிலோ கூடுதல், அத்தனையும் சஸ்பென்ஷனுக்குக் கீழே. வேகத்தடையில் முதுகு சொன்னது, பிரேக் மிதித்தால் வண்டி நிற்கத் தயங்கியது. மைலேஜ் 12.1-லிருந்து 10.9-க்கு விழுந்தது. ஆளும் கொஞ்சம் சாமானும் ஏற்றும் வண்டிக்கு அவ்வளவு கனமான டயர் தேவையே இல்லை. எப்போதும் சுமையோடு ஓடும் பிக்கப் வைத்திருந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தேன், அவருக்கு அது சரியாகப் பொருந்தியது.

இப்போது ஓடுவது அதே அளவில் லோடு ரேஞ்ச் சி, இன்டெக்ஸ் 112, ஆல் டெரைன். சக்கரம் 31 கிலோ, மைலேஜ் 11.4. ஒன்றை மறக்காதீர்கள்: சாதாரண டயரிலிருந்து எல்டிக்கு மாறினால் அதே சுமையைத் தாங்க அதிகக் காற்று வேண்டும். கதவு ஓரத்தில் 33 என்று ஒட்டியிருக்கிறது, நான் 38 வைக்கிறேன். டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி தேய்கிறது.

மீட்டர் கணக்கும் மாறும். விட்டம் 3.6 சதவீதம் கூடியிருக்கிறது. முன்பு மீட்டர் 100 காட்டும்போது ஜிபிஎஸ் 96 காட்டியது, இப்போது 99. ஆனால் கிலோமீட்டர் கணக்கு அந்த அளவுக்குக் குறைவாக ஏறுகிறது. மேலே சொன்ன மைலேஜ் அதைத் திருத்திய பிறகு வந்தது. 4.10 ஆக்சில் கியர் விகிதம் 3.96 போல நடந்துகொள்கிறது. ஏற்றத்தில் சில நேரம் ஒரு கியர் குறைக்கிறேன், அவ்வளவுதான். 285/70 ஆர்17 போட்டிருந்தால் 7 சதவீதம் ஏறியிருக்கும். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டும், வெட்ட வேண்டும், கியரும் மாற்ற வேண்டும்.

வாங்கும்போது ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவிலேயே கிடந்தால், பஞ்சரான நாளில் ஒரு சக்கரம் சின்னதாகிவிடும். ஃபோர் வீல் போட்டு ஓட்டினால், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் முறுக்கு ஏறும். ஐந்தையும் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை சுற்றி மாற்றுகிறேன். மாற்றி 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) பார்த்துவிடுவேன்.

இந்த செட்டில் இன்னும் 6.5 மி.மீ. பட்டன் இருக்கிறது. அடுத்ததற்கு 255/75 ஆர்17 மனதில் இருக்கிறது: அகலம் 10 மி.மீ. குறைவு, விட்டம் 814. அதற்கு லைனர் இடம் கொடுக்குமா என்று பார்க்க மறுபடி சாக்பீஸ் எடுக்க வேண்டும்.