மழைக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் குகைக்கு டூர் விற்கிறார்கள். ரூ.41,600 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தசரா விடுமுறைக்கு இதே பேக்கேஜை மறுபடி விற்க ஆரம்பித்துவிட்டார்கள், அதனால்தான் இந்த அவசரம்.

இடம், சத்தீஸ்கரின் பஸ்தர் மாவட்டத்தில் ஜகதல்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் காங்கேர் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா. விற்றது, இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டு வாட்ஸ்அப்பில் காசு வாங்கும் ஒரு டூர் பக்கம். நாலு பேருக்கு ரூ.41,600. இரண்டு இரவு, மூன்று பகல். "தீரத்கர் அருவி, குட்டும்சர் குகை, கைலாஷ் குகை, சித்திரகோட் அருவி, படகு சவாரி, எல்லாம் உள்ளடக்கம்" என்று அட்டவணை. புறப்படும் தேதி, செப்டம்பர் மூன்றாவது வாரம்.

பஸ்தர் பக்கம் போனவர்களுக்கு அந்தத் தேதியிலேயே விஷயம் புரிந்திருக்கும். செப்டம்பரில் குட்டும்சர் குகை திறந்திருக்காது. ஜூன் நடுவில் மழை இறங்கியதும் மூடினால், மறுபடி திறப்பது நவம்பர் தொடக்கத்தில்தான். உள்ளே தண்ணீர் வடிவதைப் பொறுத்து சில நாள் முன்பின் ஆகும். கைலாஷ் குகைக்கும் மழையில் இதே கதைதான்.

ஏன் மூடுகிறார்கள் என்பதை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் "அங்கே நம்ம ஆளு இருக்காரு" என்ற பேச்சில் விழமாட்டீர்கள். இது சுண்ணாம்புக்கல் பூமி. மழைநீர் மண்ணில் இறங்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை வெடிப்புகள் வழியே போய்க் கல்லைக் கரைத்துத்தான் குகையே உண்டாகிறது. கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதும் தரையிலிருந்து எழும்பும் கல்முளையும் அந்தச் சொட்டுநீர் விட்டுப்போன சுண்ணாம்புதான். ஆக, குகை என்பது தண்ணீர் போகும் பாதை. மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் தன் வழியே வரும். குட்டும்சர் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நுழைவாயில் குறுகல், உடம்பைச் சாய்த்துத்தான் இறங்க வேண்டும். வெளியே வரவும் அதே வழிதான். உள்ளே நீர் ஏறினால் ஓட இடம் கிடையாது. உள்ளே தேங்கும் நீரில் பார்வையில்லாத மீன்கள் பரம்பரையாக வாழ்கின்றன என்றால் அந்த இருட்டையும் ஈரத்தையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யாரிடம் சிபாரிசு இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது.

அப்படியும் காசு எப்படிப் போனது? கேள்வி கேட்காமல் இல்லை. மழைக்காலத்தில் குகை திறந்திருக்குமா என்று நேராகவே கேட்டதற்கு வந்த குரல்பதிவு இது: "வருஷம் பூரா உள்ள போகலாம் சார். மழையில டூரிஸ்ட் கூட்டம் இருக்காது, அதான் மூடியிருக்குன்னு சொல்றாங்க. பர்மிட் நாங்களே எடுத்துடுவோம், நீங்க கேமராவோட வந்தா போதும்." பத்து நிமிடத்தில் அனுமதிச் சீட்டின் படமும் வந்தது. முத்திரை, வண்டி எண், பயணத் தேதி, நாலு பேர் என்ற குறிப்பு, எல்லாம் இருந்தன. அந்தச் சீட்டைப் பார்த்ததும்தான் மீதித் தொகை போனது. அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வாயிலில் காட்டியபோது, ஊழியர் சீட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தேதி திருத்தப்பட்ட பழைய சீட்டு என்று சொல்லிவிட்டார். அதைவிடக் கொடுமை, ஓட்டுநர் கையில் இருந்த தாளில் குகை என்ற சொல்லே இல்லை. தீரத்கர், சித்திரகோட், ஹோட்டல், ரயில் நிலையம், அவ்வளவுதான். அதாவது, புறப்படும் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

அருவிகள் இருந்தன, மறுக்கவில்லை. தீரத்கரில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறைப் படிகளில் உடைந்து உடைந்து பால் மாதிரி இறங்குகிறது. மழையில் கீழே இறங்கும் படிகள் வழுக்கும், வெள்ளம் கூடினால் அடிவரை விடமாட்டார்கள். சித்திரகோட்டோ பூங்காவுக்குள்ளேயே இல்லை! ஜகதல்பூரிலிருந்து வேறு திசையில், சுமார் 38 கி.மீ. தள்ளி, இந்திராவதி ஆற்றில் விழுகிறது. மழையில் செம்மண் நிறத்தில் அகலமாக இரையும். அந்த வேகத்தில் படகை இறக்கமாட்டார்கள். ஆக "படகு சவாரி"யும் பொய். நிறைந்து விழும் சித்திரகோட்டும் படகும் ஒரே நாளில் கிடைக்காது. பொங்கும் தீரத்கரும் திறந்த குட்டும்சரும் அப்படித்தான். இரண்டையும் ஒரே மழைக்கால அட்டவணையில் எழுதுகிறவன் ஒன்று அந்தப் பக்கமே போகாதவன், இல்லை தெரிந்தே ஏமாற்றுபவன்.

விளம்பரப் படத்திலேயே குட்டு இருந்தது. சிவப்பு, பச்சை மின்விளக்கில் ஜொலித்த அந்தக் குகை ஆந்திராவில் அரக்கு போகும் வழியில் இருக்கும் பொர்ரா குகை. குட்டும்சரில் வழிகாட்டி கையில் பிடிக்கும் விளக்கு வெளிச்சம்தான்.

திரும்பி வந்து பணம் கேட்டால் முதல் பதில், "இயற்கைச் சீற்றம் சார், எங்க கையில இல்ல." வருடாவருடம் வரும் பருவமழை எப்படிச் சீற்றம் ஆகும்? இரண்டாவது, "லோக்கல் வெண்டர்கிட்ட பேசிட்டிருக்கோம்." மூன்று நாள் அதே வரி. நான்காம் நாள் வேறொரு பெண் பேசினார். அடுத்த மலைவாசஸ்தல டூரில் ரூ.2,000 தள்ளுபடி தருவார்களாம். ரூ.41,600 வாங்கிக்கொண்டு ரூ.2,000, அதுவும் இன்னொரு டூருக்கு அவர்களிடமே காசு கட்டினால்! வேண்டாம், எழுத்தில் பதில் கொடுங்கள் என்றதும் குழுவிலிருந்து நீக்கி, எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள். பில் கேட்டதற்குக் கடைசிவரை பில் வரவில்லை. ஜிஎஸ்டி எண் என்று அனுப்பியதில் 14 எழுத்துகள்தான் இருந்தன, 15 இருக்க வேண்டும். காசு போன பிறகு எண்ணிப் பார்த்து என்ன பயன்.

விரிவாக அறிவுரை எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. இவ்வளவு மட்டும்:

குகைதான் முக்கியம் என்றால் நவம்பர், டிசம்பரில் போங்கள். அப்போது தீரத்கரிலும் ஓரளவு தண்ணீர் இருக்கும். கோடையில் அருவி மெலிந்துவிடும். பஸ்தர் தசராவோடு குகையும் சேர்த்துத் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள், தசரா முடிந்த பிறகுதான் குகை திறக்கும்.

நுழைவுச் சீட்டு, ஜிப்சி வண்டி, வழிகாட்டி மூன்றும் தனித்தனிக் கட்டணம். சொந்தக் கார் குகைவரை போகாது. "எல்லாம் உள்ளடக்கம்" என்பவரிடம் மூன்றையும் பிரித்து எழுதி வாங்குங்கள்.

அனுமதிச் சீட்டின் படத்தை நம்பி மீதித் தொகையை அனுப்பாதீர்கள். முன்பணம் கட்டுவதானால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், ஏமாற்றிவிட்டார்கள் என்று வங்கியிடம் மறுப்பு தெரிவித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பினால் அந்த வழி அடைபடும். இங்கே அடைபட்டது அப்படித்தான்.

குரல்பதிவு, ரீல்ஸ், ஓட்டுநர் தாள், எல்லாவற்றையும் உடனே சேமியுங்கள். ரீல்ஸை அவர்கள் அழித்துவிட்டார்கள், ஸ்க்ரீன்ஷாட் இருந்ததால் பிழைத்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

1915-இல் புகார் பதிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தில் இன்று காலை புது ரீல்ஸ், "தசரா ஸ்பெஷல், குகை + அருவி, இன்னும் 6 சீட்". அதே பொர்ரா குகைப் படம். முன்பணம் கட்டியிருப்பவர்கள் மீதியை அனுப்பாமல் நிறுத்துங்கள், இன்றே.